மிதித்தும் இழுக்காத வண்டி: அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

தேனி மாவட்டத்து லோயர் கேம்ப்பைத் தாண்டிக் குமுளி மலைச்சாலையில் ஏறும்போது, கொண்டை ஊசி வளைவில் கியரைக் குறைத்து ஆக்சிலேட்டரை மிதித்த பிறகும் ஒரு நொடி வரை வண்டி அப்படியே தயங்கி நின்றால், அந்த ஒரு நொடி எவ்வளவு நீளமானது என்பது மலையில் ஓட்டுபவர்களுக்குத் தெரியும். சமவெளியில் வெறும் எரிச்சலாக முடிகிற இந்தக் குறை, பின்னால் சரக்கு லாரியும் எதிரே இறங்கும் பேருந்தும் நெருங்கும் வளைவில் ஆபத்தாகிவிடுகிறது. ஆகவே இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் இந்தக் குறையைச் சொல்வதற்கு "பிக்கப் இல்லை" என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக் கம்பம்மெட்டு வழியாக நாள்தோறும் ஏறி இறங்கும் ஜீப் ஓட்டுநரும் அதையே சொல்கிறார், குடும்பத்தோடு தேக்கடிக்குப் போய்த் திரும்பும் கார்க்காரரும் அதையே சொல்கிறார். மேலே வண்டன்மேட்டிலிருந்து வண்டியை இறக்கிக் கொண்டுவருபவர்கள் "வலிவில்ல" என்பார்கள், பொருள் ஒன்றுதான். ஆனால் இந்த ஒரே சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத ஏழெட்டுக் குறைகள் ஒளிந்திருக்கின்றன. எது என்று பிரித்துப் பார்க்காமல் பாகங்களை மாற்றத் தொடங்குவதால்தான் இந்தக் குறைக்கு மற்ற எந்தக் குறையையும்விட அதிகமான பணம் வீணாகிறது.

பிரித்துப் பார்ப்பதற்கு ஒரு வழி உண்டு. கால் மிதிப்பதற்கும் சக்கரம் சுழல்வதற்கும் இடையே ஒரு சங்கிலி இருக்கிறது. பெடல் சென்சார் உங்கள் கோரிக்கையை, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்குச் சொல்கிறது, ஈசியூ கணக்கிட்டு, காற்று நுழையும் வழியில் உள்ள த்ராட்டில் தகட்டைத் திறக்கிறது, டீசல் வண்டியாக இருந்தால் எரிபொருளை அளந்து விடுகிறது, காற்று உள்ளே வருகிறது, எரிபொருள் சேர்கிறது, எரிகிறது, புகை வெளியேறுகிறது, கிளட்ச் வழியாகச் சக்தி சக்கரத்துக்குப் போகிறது. பழைய கேபிள் வண்டிகளில் கால் நேரடியாகத் தகட்டை இழுத்தது. இப்போதைய வண்டிகளில் பெடல் என்பது ஒரு விண்ணப்பம் மட்டுமே, எவ்வளவு கொடுப்பது என்பதை ஈசியூதான் தீர்மானிக்கிறது. தாமதம் இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியில் விழுகிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும். கீழே உள்ள அறிகுறிகளில் உங்கள் வண்டியோடு பொருந்துவது எதுவோ அங்கிருந்து தொடங்குங்கள்.

கருவியைத் தொடுவதற்கு முன்

ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே குனிந்து பெடலைப் பாருங்கள். கம்பெனி மேட்டின் மேல் இன்னொரு ரப்பர் மேட், அதன் மேல் ஒரு கயிற்று மேட் என்று அடுக்கிப் போட்டிருந்தால், பெடல் முழுவதும் கீழே போகவே இடமிருக்காது. ஈசியூவின் எண்களைப் படித்துக் காட்டும் ஸ்கேனரில் முழு மிதிக்கு 100 சதவீதத்தை ஒட்டிக் காட்ட வேண்டிய இடத்தில் 70 மட்டும் காட்டிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். மேட்டை எடுத்ததும் குறை தீர்ந்தது. மேட் நகர்ந்து பெடலைப் பிடித்துக்கொண்டால் மிதித்த பெடல் திரும்பி வராமல் போகும் என்பதால், இது வேகக் குறைவோடு நின்றுவிடும் விஷயமும் அல்ல.

அடுத்ததாக டிரைவ் மோடு. ஈகோ பொத்தான் உள்ள வண்டியில் அது அழுத்தப்பட்டிருந்தால், அதே அளவு மிதிக்குக் குறைவான த்ராட்டில் திறப்பைக் கொடுக்கும்படிதான் வண்டியின் மென்பொருள் எழுதப்பட்டிருக்கிறது. மலை ஏறுவதற்கு முன் அதை நீக்கிவிடுங்கள். டயர் காற்றையும் பாருங்கள்.

அதன் பிறகு ஒரு ஸ்கேனர் வேண்டும். ப்ளூடூத் வழியாகக் கைப்பேசியோடு இணையும் மலிவான சிறு கருவியே தொடக்கத்துக்குப் போதும். பிழைக் குறியீட்டைப் படிப்பதைவிட, வண்டி ஓடும்போது பெடல் சதவீதம், த்ராட்டில் சதவீதம், மேனிஃபோல்டு அழுத்தம் (இன்ஜினுக்குள் காற்று போகும் குழாயின் அழுத்தம்), ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) ஆகிய நான்கையும் ஒரே திரையில் வைத்துப் பதிவு செய்வதுதான் அதிகப் பயன் தரும். ஓட்டுபவர் திரையைப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அல்லது பதிவு செய்துவிட்டு வண்டியை நிறுத்திய பிறகு பார்க்க வேண்டும்.

அறிகுறி: கீழே நன்றாக இருக்கிறது, மலை ஏறியதும் மந்தமாகிறது

இது பல நேரங்களில் குறையே அல்ல. கம்பம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குமுளி சுமார் 900 மீட்டரில் இருக்கிறது, போடிமெட்டு 1,300 மீட்டரையும் தாண்டிவிடுகிறது. உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைகிறது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறக்குறைய 10 சதவீதம் சக்தியை இழக்கும். எரிபொருளைக் காற்றுக்கு ஏற்றபடி குறைத்துக்கொள்ள ஈசியூவுக்குத் தெரியும். இல்லாத காற்றை உண்டாக்க அதனால் முடியாது. போடியில் இருந்த இழுவை மெட்டில் இருக்காது, அதுவும் நான்கு பேரும் பெட்டிகளும் ஏறிய சிறிய பெட்ரோல் காரில் நன்றாகவே தெரியும்.

இதை ஊகிக்க வேண்டியதில்லை, ஸ்கேனரிலேயே பார்க்கலாம். இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் ஆன் செய்து மேனிஃபோல்டு அழுத்தத்தைப் படித்தால், அது அந்த இடத்தின் காற்றழுத்தத்தையே காட்ட வேண்டும்: கம்பத்தில் ஏறக்குறைய 97 கிலோ பாஸ்கல், குமுளியில் 91, போடிமெட்டில் 86 அளவில் இருக்கும். இந்த எண்களிலிருந்து நான்கைந்து எண் விலகிக் காட்டினால் சென்சாரைச் சந்தேகியுங்கள். அழுத்தத்தைத் தவறாகப் படிக்கும் சென்சார் எரிபொருளையும் தவறாகக் கொடுக்க வைக்கும், அப்போது மிதித்தவுடன் திணறலும் கறுப்புப் புகையும் வரலாம்.

டர்போ உள்ள வண்டியில் உயரத்தின் பாதிப்பு இவ்வளவு தெரியக் கூடாது, ஏனெனில் குறையும் காற்றைப் பெருமளவுக்கு டர்போ ஈடுகட்டிவிடும். டர்போ டீசல் கார் குமுளியிலேயே தளர்ந்துபோகிறது என்றால் அதை உயரத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். கீழே கறுப்புப் புகை பற்றிய பகுதிக்குப் போங்கள். கார்புரேட்டர் உள்ள பழைய ஜீப்புகளில் நிலைமை வேறு: காற்று குறைந்தாலும் பெட்ரோல் அதே அளவில் வருவதால் மேலே போகப் போகக் கலவை கெட்டியாகி வண்டி முக்கும்.

அறிகுறி: ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பும்போது மட்டும் வண்டி மிதியை மதிக்கவில்லை

இந்த அறிகுறியைப் பற்றி விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் மலைச்சாலை ஓட்டுநர்களுக்கு இது அடிக்கடி வருகிறது, காரணமும் பெரும்பாலானவர்களுக்குத் தெரிவதில்லை.

பழைய ஜீப்பில் பழகியவர்கள் ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமலிருக்க வலது பாதத்தின் ஒரு பக்கத்தால் பிரேக்கையும் மறு பக்கத்தால் ஆக்சிலேட்டரையும் சேர்த்து மிதிப்பார்கள். கேபிள் வண்டியில் அது நல்ல வித்தைதான். ஆனால் எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள பல வண்டிகளில், இரண்டும் ஒரே நேரத்தில் மிதிபட்டால் ஓட்டுநர் நிறுத்தவே விரும்புகிறார் என்று எடுத்துக்கொண்டு ஈசியூ இன்ஜினின் சக்தியை வேண்டுமென்றே குறைத்துவிடும். ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டாலும் வண்டியை நிறுத்த முடிய வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட பாதுகாப்பு அது. ஓட்டுநருக்கோ மிதித்தும் வண்டி செத்துக் கிடப்பதாகத் தோன்றுகிறது. கைப்பிரேக்கைப் பிடித்து, கிளட்ச் கடிக்கும் இடத்துக்கு வந்ததும் கைப்பிரேக்கை விடும் முறைக்கு மாறினால் இந்தக் குறை மறைந்துவிடும்.

இதே பாதுகாப்பு, கால் பிரேக்கில் இல்லாதபோதும் வேலை செய்யக்கூடும். பிரேக் பெடலுக்கு மேலே உள்ள சிறிய ஸ்விட்ச் பழுதாகி, பிரேக் மிதிபட்டிருப்பதாகவே ஈசியூவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தால் வண்டி எப்போது பார்த்தாலும் தயங்கும். என் பட்டறைக்கு ஒரு கார் இப்படித்தான் வந்தது. அந்தத் தம்பி சாவியைக் கொடுக்கும்போதே, "அண்ணே, பெட்ரோல் பம்ப் மாத்தியாச்சு, ப்ளக்கும் மாத்தியாச்சு, இன்னும் அதே மாதிரிதான் நிக்குது" என்றார். வேறு இடத்தில் வாங்கிப் போட்ட பம்ப்பைக் குறை சொல்ல முடியவில்லை, அழுத்தம் சரியாகவே இருந்தது. நானும் அரை நாளை, த்ராட்டில் தகடு உள்ள த்ராட்டில் பாடியில் செலவிட்டேன். மாலையில் வண்டியைத் தள்ளி நிறுத்தும்போதுதான், யாரும் உள்ளே இல்லாமலே பின்பக்கச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிவதைப் பார்த்தோம். ஸ்விட்ச்சை மாற்றியதும் குறை போயிற்று. அன்றிலிருந்து பிக்கப் குறை என்று வரும் ஒவ்வொரு வண்டியிலும், பானட்டைத் திறப்பதற்கு முன் பின்னால் போய் நின்று பிரேக் விளக்கைப் பார்த்துவிடுகிறேன். ஸ்கேனரிலும் பிரேக் ஸ்விட்ச்சின் நிலை ஆன் அல்லது ஆஃப் என்று தெரியும். சில வண்டிகளில் அந்த ஸ்விட்ச்சுக்குள் இரண்டு தனித்தனி இணைப்புகள் இருப்பதால், விளக்கு சரியாக எரிந்தாலும் ஈசியூவுக்குப் போகும் இணைப்பு கெட்டிருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அறிகுறி: மிதித்துச் சற்றுக் கழித்தே ரேஸ் ஏறுகிறது, ஏறிய பின் நன்றாக இழுக்கிறது

சக்தி இருக்கிறது, வருவதற்குத்தான் நேரமாகிறது. வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, இன்ஜின் சூடான பிறகு, ஆக்சிலேட்டரைச் சட்டென்று பாதி வரை மிதித்துப் பாருங்கள். நியூட்ரலிலும் தாமதம் தெரிந்தால் பெடல், த்ராட்டில், காற்று ஆகிய மூன்றில் ஒன்று. நியூட்ரலில் உடனே ரேஸ் ஆகி, கியரில் ஓடும்போது மட்டும் தாமதித்தால் டர்போ, கிளட்ச் அல்லது கியர் பெட்டியின் பக்கம் திரும்ப வேண்டும்.

நியூட்ரலில் தாமதம் என்றால் பதிவு செய்த எண்களைப் பாருங்கள். பெடல் சதவீதம் மிதித்த கணத்திலேயே ஏறி, த்ராட்டில் சதவீதம் பின்தங்கி வருகிறதா? அப்படியானால் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கலாம். இன்ஜினிலிருந்து திரும்பி வரும் எண்ணெய் ஆவியும் தூசியும் சேர்ந்து தகட்டின் விளிம்பில் பிசினைப் போல் ஒட்டிக்கொள்ளும். மூடிய நிலையிலிருந்து முதல் சில டிகிரி திறப்பதற்குள் தகடு பிசுக்கில் ஒட்டித் தயங்கும். அதனால்தான் இந்தக் குறை மெதுவாக மிதிக்கும்போது, குறிப்பாகப் போக்குவரத்தில் நின்று நகரும்போது, அதிகமாகத் தெரிகிறது. த்ராட்டில் பாடிக்கென்று விற்கும் கிளீனரைத் துணியில் தெளித்துத் துடைக்க வேண்டும். எலக்ட்ரானிக் த்ராட்டிலின் தகட்டை விரலால் தள்ளித் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பற்சக்கரம் உடைந்தால் முழுப் பாகத்தையும் வாங்க வேண்டி வரும். சுத்தம் செய்த பிறகு ஐடிலிங் கூடுதலாகவோ ஏறி இறங்கியோ இருக்கும், ஏனெனில் கரி படிந்த தகட்டுக்கு ஏற்ற கணக்கையே ஈசியூ இன்னும் வைத்திருக்கிறது. சில வண்டிகளில் சாவியை ஆன் செய்து கிளப்பாமல் சற்று நேரம் வைத்திருந்தால் அது புதிய நிலையைக் கற்றுக்கொள்ளும், சிலவற்றில் ஸ்கேனர் வழியாகக் கட்டளை கொடுக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு எது என்பதை அதன் கையேட்டில் பாருங்கள்.

பெடல் சதவீதமே தாவித் தாவி ஏறினால் அல்லது இடையில் விழுந்து எழுந்தால் பெடல் சென்சார் தேய்ந்திருக்கிறது. பெடலுக்குள் இரண்டு சென்சார்கள் இருக்கும். பல வண்டிகளில் ஒன்றின் மின்னழுத்தம் மற்றதைப் போல் இரு மடங்காக அமைக்கப்பட்டிருக்கும். மிக மெதுவாக அழுத்திக்கொண்டே இரண்டையும் பாருங்கள். இந்த விகிதம் எந்த இடத்தில் குலைகிறதோ அந்த இடத்தில்தான் தேய்மானம் இருக்கிறது, பெரும்பாலும் கால் அதிக நேரம் நிற்கும் முதல் கால்பங்கில்.

பெடலும் தகடும் உடனுக்குடன் ஏறியும் ஆர்பிஎம் தாமதித்தால் காற்றை அளக்கும் மாஃப் சென்சாரைக் கவனியுங்கள். எண்ணெய் தடவிய ஃபில்டர்களைப் பொருத்தும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அந்த எண்ணெய் சென்சாரின் நுண்ணிய கம்பியில் படிந்து, உள்ளே வரும் காற்றைக் குறைத்துக் காட்டும். அதற்கென்று உள்ள ஸ்பிரேயால் மட்டும் கழுவுங்கள், துணியோ விரலோ படக் கூடாது.

கேபிள் உள்ள பழைய கார்களில் இவ்வளவு தேடல் தேவையில்லை. கேபிளில் தொய்வு இருக்கிறதா, ஒருவர் பெடலை முழுவதும் மிதித்தபோது தகடு முழுவதும் திறக்கிறதா என்று நேரில் பார்த்தால் போதும்.

இந்த அறிகுறியில் குறையே இல்லாத ஒரு வகையும் உண்டு. மிதித்தவுடன் வண்டி குலுங்காமலிருக்கவும் புகை அளவு கூடாமலிருக்கவும், கோரிய சக்தியைச் சிறிது சிறிதாகக் கொடுக்கும்படி இன்றைய வண்டிகளின் மென்பொருளை வடிவமைப்பாளர்களே எழுதுகிறார்கள். புதிதாக வாங்கிய நாளிலிருந்தே இப்படித்தான் இருக்கிறது, அதே மாதிரியான இன்னொரு வண்டியிலும் இதே அளவு தாமதம் இருக்கிறது என்றால் பழுது தேடி அலைய வேண்டாம். சிறிய டர்போ இன்ஜின்களில் 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழே டர்போ விழித்துக்கொள்வதே இல்லை. வளைவுக்குள் போன பிறகு கியரைக் குறைப்பதைவிட வளைவுக்கு முன்பே குறைத்து 2,000 ஆர்பிஎம்மை ஒட்டி வைத்துக்கொண்டால் தயக்கம் பெருமளவு மறையும்.

அறிகுறி: செக் லைட் எரிகிறது, குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஏறவே இல்லை

வண்டி பாதுகாப்பு நிலைக்குப் போயிருக்கிறது, பட்டறைகளில் லிம்ப் மோடு என்பார்கள். இங்கே குறியீடுதான் வழிகாட்டி. பி2138 என்றால் பெடலின் இரண்டு சென்சார்களும் ஒத்துப்போகவில்லை. பி2135 என்றால் த்ராட்டில் பாடியின் இரண்டு சென்சார்களும் ஒத்துப்போகவில்லை. பி0299 என்றால் டர்போ அழுத்தம் போதவில்லை. பி0087 என்றால் எரிபொருள் ரெயிலில் (இஞ்செக்டர்களுக்கு எரிபொருளைப் பகிரும் குழாயில்) அழுத்தம் போதவில்லை. குறியீடு, குறை இருக்கும் வட்டாரத்தைத்தான் சொல்கிறது, மாற்ற வேண்டிய பாகத்தைச் சொல்வதில்லை. பி2138 வந்ததும் பெடலை மாற்றுவதற்கு முன் அதன் சாக்கெட்டைக் கழற்றி, பச்சை பூத்திருக்கிறதா, எலி கடித்த வயர் இருக்கிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் மலையில் நிறுத்தப்படும் வண்டிகளில் இவை இரண்டும் சகஜம். சாவியை அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்டது என்பதற்காகக் குறியீட்டை அழித்துவிட்டு மலை ஏறாதீர்கள். அடுத்த முறை அது எந்த வளைவில் திரும்பி வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அறிகுறி: டீசல் வண்டி, மிதித்தால் கறுப்புப் புகை, இழுவை இல்லை

கறுப்புப் புகை என்றால் டீசலுக்கு வேண்டிய காற்று வரவில்லை என்று பொருள். இதைக் கேட்டதுமே, டீசலைத் தெளிக்கும் இஞ்செக்டரைக் கழற்றும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது, நான் அதைக் கடைசியில் வைப்பேன்.

முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறங்கள். தோட்டத்து மண்சாலையில் ஓடும் வண்டிக்குக் கையேட்டில் சொன்ன கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது. பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருப்பதையும், காற்று நுழையும் குழாயின் வாயில் பிளாஸ்டிக் பை போய் அடைத்திருப்பதையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்து, டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்கள். இவற்றில் விழும் வெடிப்பு பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான் இருக்கும். ஐடிலில் மூடியே கிடந்து, அழுத்தம் ஏறும்போது மட்டும் வாய் திறக்கும். ஆகவே நின்ற இடத்தில் பார்த்தால் ஹோஸ் புதிதுபோல் தெரியும். மிதிக்கும்போது உஸ் என்ற ஓசை கேட்கிறதா என்று கவனியுங்கள், இணைப்புகளைச் சுற்றி எண்ணெய் ஈரம் தெரிகிறதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள், ஆனால் இன்ஜின் ஆறிய பிறகு. அந்த ஈரம் இருக்கும் இடத்தில்தான் காற்று வெளியேறுகிறது.

ஸ்கேனரில் இதை உறுதி செய்யலாம். பெரும்பாலான காமன் ரெயில் (எல்லா இஞ்செக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாய் உள்ள) டீசல் கார்களில் மூன்றாம் கியரில் முழுவதும் மிதிக்கும்போது மேனிஃபோல்டு அழுத்தம் 200 கிலோ பாஸ்கலை ஒட்டியாவது ஏற வேண்டும். ஈசியூ கேட்கும் அழுத்தமும் கிடைக்கும் அழுத்தமும் இரண்டு கோடுகளாகத் தெரிந்தால் இன்னும் நல்லது. கிடைப்பது எப்போதும் கீழேயே நின்றால் கசிவு. மெதுவாக ஏறி, பிறகு தேவைக்கு மேல் போய், மீண்டும் விழுந்தால் டர்போவின் இறக்கைகள் கரியில் சிக்கியிருக்கலாம், அல்லது அதை இயக்கும் ஆக்சுவேட்டருக்குப் போகும் மெல்லிய வேக்கம் குழாய் காய்ந்து வெடித்திருக்கலாம். சில நூறு ரூபாய்கூட ஆகாத அந்தக் குழாயைப் பார்க்காமல் டர்போவையே மாற்றச் சொல்வது பெரும் அநியாயம். நீங்கள் வண்டியைக் கொடுக்கும் இடத்தில், டர்போ என்று பேச்சு வந்தால் வேக்கம் குழாயைச் சோதித்தார்களா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வு கரியில் திறந்தே சிக்கிக்கொண்டாலும் இதே புகையும் மந்தமும் வரும், ஏனெனில் புதிய காற்று வர வேண்டிய இடத்தைப் பழைய புகை அடைத்துக்கொள்கிறது. கழற்றிச் சுத்தம் செய்யலாம். தகடு வைத்து அடைத்துவிடுவது தீர்வாகாது. ஈசியூ அதைக் கண்டுபிடித்துக் குறியீடு போடும், புகைச் சோதனையிலும் வண்டி சிக்கும்.

2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ் 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டிகளுக்கு இன்னொரு காரணம் உண்டு. இவற்றின் புகைக்குழாயில் இருக்கும் டிபிஎஃப் வடிகட்டி கரித்துகளைப் பிடித்துவைத்து, ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எரித்துவிட வேண்டும். வீட்டுக்கும் கடைக்கும் தோட்டத்துக்குமாகக் குறுகிய தூரமே ஓடும் வண்டியில் அந்த வெப்பம் வருவதே இல்லை. கரி சேர்ந்து புகை வெளியேற வழியின்றி வண்டி மந்தமாகும். இங்கே வெளியே கறுப்புப் புகை தெரியாது, எச்சரிக்கை விளக்குதான் தெரியும். விளக்கு எரிந்த தொடக்கத்திலேயே, கம்பத்திலிருந்து தேனி வரையிலான சுமார் 40 கிலோமீட்டரைச் சீரான வேகத்தில், ஆர்பிஎம் 2,000க்குக் குறையாமல் ஓட்டிவிட்டு வந்தால் பெரும்பாலும் சுத்தமாகிவிடும். விளக்கை அலட்சியப்படுத்தி லிம்ப் மோடு வரை விட்டால் பட்டறையில் கட்டாயமாக எரிக்க வேண்டும், அதுவும் ஒரு கட்டத்துக்கு மேல் நடக்காது.

அறிகுறி: தொடக்கத்தில் சரி, நீண்ட ஏற்றத்தில் மெல்ல மெல்ல மங்குகிறது

எரிபொருள் போதாமல் போவதும் புகைக்குழாய் அடைபடுவதும் வெளியே ஒரே மாதிரித் தெரியும். பிரிக்கும் வழி இது. வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டால் மீண்டும் சற்று நேரம் நன்றாக இழுக்கிறதா? அப்படியானால் எரிபொருள்தான்: அடைபட்ட ஃபில்டர், தளர்ந்த பம்ப், அல்லது டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்து உள்ளே வெற்றிடம் உண்டாவது. மூடியைத் திறந்ததும் காற்றை உறிஞ்சும் ஓசை கேட்டால் கடைசிக் காரணம் உறுதி.

பெட்ரோல் இஞ்செக்‌ஷன் வண்டியில் பம்ப் அழுத்தம் பெரும்பாலும் 3 முதல் 4 பார் இருக்கும்; ஐடிலில் சரியாக இருந்து ஏற்றத்தில் விழுகிறதா என்பதே கேள்வி, எனவே அளவுமானியை வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். டீசல் காமன் ரெயிலில் ஐடிலில் 250 முதல் 350 பார், முழு மிதியில் பல வண்டிகளில் 1,600 பார் வரை போகும். இதை ஸ்கேனரில் மட்டும் பாருங்கள். ஓடும் இன்ஜினில் எந்தக் குழாய் நட்டையும் தளர்த்தாதீர்கள், அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். தோட்டங்களில் கேன்களில் வைத்து ஊற்றும் டீசலில் தண்ணீர் கலந்திருப்பது அதிகம் என்பதால், ஃபில்டரின் அடியிலுள்ள வடிகால் திருகைத் திறந்து ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் தனியாக நிற்கும்.

பெட்ரோல் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 பிப்ரவரியில் அறிமுகமாகிப் பிறகு எங்கும் பரவிய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில், லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் ஆற்றல் சற்றுக் குறைவு. மைலேஜ் குறைவதற்கு அது காரணமாகலாம். மிதித்து ஒரு நொடி தயங்குவதற்கு அதை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. மாதக்கணக்கில் ஓடாமல் ஈரமான இடத்தில் நின்ற வண்டியில் எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், அப்போது திணறல் வரும்.

ஐடிலில் ஓய்வு கொடுத்தும் மாற்றமில்லை, ஆர்பிஎம் ஏற ஏறத் திணறல் கூடுகிறது என்றால் புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைபட்டிருக்கலாம். கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, 2,500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐக்கு மேல் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அடைபட்டதற்கும் ஒரு காரணம் இருக்கும். பெரும்பாலும் ப்ளக் அல்லது காயில் சரியாக எரிக்காமல் எரியாத பெட்ரோல் உள்ளே போய்க் கன்வெர்ட்டரை உருக்கியிருக்கும். அதைச் சரிசெய்யாமல் புதியதைப் பொருத்தினால் அதுவும் அதே வழியில் போகும்.

அறிகுறி: ரேஸ் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை

கிளட்ச் வழுக்குகிறது. ஆளில்லாத சமதளச் சாலையில் நான்காம் கியரில் மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும்போது முழுவதும் மிதியுங்கள். ஆர்பிஎம் மட்டும் தாவி, வேகம் அப்படியே நின்றால் சந்தேகமே வேண்டாம். வளைவுகளில் கிளட்ச்சைப் பாதி மிதித்தபடி (ஹாஃப் கிளட்ச்) வண்டியைப் பிடித்து நிறுத்தும் பழக்கம் பிளேட்டை மிக விரைவாகத் தின்றுவிடும்.

கிளட்ச் பெடல் இல்லாத வண்டிகளில், ஏஎம்டியாக (சாதாரண கியர் பெட்டியைத் தானாக மாற்றும் வகை) இருந்தால் கியர் மாறும் இடைவெளியே தாமதமாகத் தோன்றும். மலையில் அதை மேனுவல் நிலைக்கு மாற்றி, கியரை நீங்களே தேர்ந்தெடுங்கள். சிவிடியில் (கியர் படிகள் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் வகை) ரேஸ் முன்னே போய் வேகம் பின்னே வருவது அதன் இயல்பு, ஆனால் அது முன்பைவிடக் கூடியிருந்தால் ஆயிலின் அளவையும் நிறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் இருக்கிறது

பிரேக் முழுவதும் விடுபடவில்லை. ஐந்து கிலோமீட்டர் ஓட்டியபின் பிரேக்கைத் தொடாமல் வேகத்தைக் குறைத்து நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அருகிலும் கையை நீட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்தச் சக்கரத்தின் பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் சிக்கியிருக்கிறது. மலை இறங்கிய உடனே இந்தச் சோதனையைச் செய்தால் எல்லாச் சக்கரமும் சூடாகத்தான் இருக்கும், ஆகவே சமதளத்தில் செய்யுங்கள்.

பெடல் பூஸ்டர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு

பெடலுக்கும் ஈசியூவுக்கும் இடையே பொருத்தும் இந்தச் சிறு பெட்டி, நீங்கள் 30 சதவீதம் மிதித்தால் 50 சதவீதம் மிதித்ததாகச் சொல்கிறது. இன்ஜினின் சக்தி ஒரு துளியும் கூடுவதில்லை. குறை உள்ள வண்டியில் இதைப் பொருத்தினால் குறை சிறிது காலம் மறைந்து, வழுக்கும் ஈரச் சாலையில் மெல்ல நகர்த்த வேண்டிய நேரத்தில் வண்டி துள்ளும். எங்கள் பகுதியின் பருவமழைக்காலத்தில் இதைப் பொருத்தும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

சரிசெய்த பிறகு

எந்தக் காரணம் தெரிந்து சரிசெய்தாலும், முன்பு பதிவு செய்த அதே நான்கு எண்களை மீண்டும் பதிவு செய்யுங்கள். முதலில் உத்தமபாளையம் பக்கமுள்ள சமதளச் சாலையில், இரண்டாம் கியரில் 1,500 ஆர்பிஎம்மிலிருந்து முழு மிதி கொடுத்து ஒருமுறை. பிறகு அதே ஆட்கள், அதே சுமையோடு லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி வரை ஒருமுறை, ஏசியை அணைத்துவிட்டு. பெடல் கோடும் த்ராட்டில் கோடும் ஒன்றையொன்று ஒட்டி ஏறுகின்றனவா, டர்போ வண்டியில் கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் இணைகின்றனவா என்று பழைய பதிவோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தப் பதிவைக் கைப்பேசியில் தேதியோடு வைத்திருங்கள். அடுத்த முறை தயக்கம் தெரியும்போது, எந்தக் கோடு விலகியிருக்கிறது என்று ஒப்பிட அதுதான் உதவும்.